ரெண்டு கம்பி வண்டி

போன மாதம் எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குக் கியர் போடவே தேவையில்லாத கார் ஒன்று வந்து சேர்ந்தது. கிளச்சும் கிடையாது. அதில் இடது காலுக்கு வேலை இல்லை. இடது கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். பூசை போட்ட அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி முடிந்ததும், இப்போது அங்கே மாஸ்டர்களாக இருக்கும் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மாஸ்டர், ஒங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன். படிக்க வாரவங்களுக்குக் காட்டலாம்" என்றார்கள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் என் காலம் என்று ஒன்று என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டது போலிருக்கிறது.

ஓய்வுக்குக் காரணம் இடது முட்டி. பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நீங்க புட்பால் விளையாடுனவரா?" என்று கேட்டார். உட்கார்ந்தே சம்பாதித்த வலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் மாஸ்டரான கதையில் பெரிய திருப்பங்கள் இல்லை. வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்கம் கூப்பிடும் என்று காத்திருந்தேன். அரசாங்கம் கூப்பிடவில்லை. கிளை நூலகத்தின் நூலகர்தான் சாயங்காலமானால், "பூட்டணும், எந்திரிங்க" என்று கூப்பிடுவார். சும்மா இருக்கிற நேரத்துக்கு லைசன்ஸாவது எடுப்போமே என்று ஸ்கூலில் சேர்ந்தேன். லைசன்ஸ் கைக்கு வந்த அன்று முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீரு வண்டி ஓட்டுததவிட வாய் பேசுதது நல்லாருக்குவே. சொல்லிக்குடுக்கதுக்கு அதான் வேணும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு முட்டி போகும்வரை நிற்கவில்லை.

முதலாளி பெயர் ஆறுமுகநயினார். வெளியே பேசினால் ஊரே கேட்கும். காருக்குள் ஏறிவிட்டால் ஒரு சொல் வராது. எப்போதாவது சோதனைக்கு என்று பின்சீட்டில் வந்து உட்காருவார். விரலில் சிவப்புக் கல் மோதிரம். ஜன்னல் கண்ணாடியில் அதால் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும். ரெண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். மூன்று தட்டு என்றால் ஓட்டுகிறவர் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று தட்டு வாங்கிய சிலர் எங்கள் ஊரில் இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

எதையும் தூக்கிப்போட மாட்டார். அது அவருடைய இன்னொரு குணம். ஸ்கூல் ஆபீசில் ஓடாத கடிகாரம் ஒன்று, மூன்று கால் நாற்காலி ஒன்று, காற்று வராத மேசை விசிறி ஒன்று இருந்தன. கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும்வே, சோறா கேக்குது?" என்பார். இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது.

ஸ்கூலுக்கு இருந்தது ஒரே கார். பால்நிற அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. அதன் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங் தண்டிலிருந்தே இடது பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கை கியர் என்போம். அந்தக் கம்பியை நம் பக்கம் இழுத்து மேலே தள்ளுவது, இழுத்துக் கீழே தள்ளுவது, கண்ணாடிப் பக்கம் தள்ளி மேலே, தள்ளிக் கீழே என்று நாலு கியர். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் சொந்தமாக ஒரு மொழி கண்டுபிடித்தேன். நம் பக்கம் இழுப்பது நெஞ்சு. கண்ணாடிப் பக்கம் தள்ளுவது தெரு. ஆக, "நெஞ்சு மேல, நெஞ்சு கீழ, தெரு மேல, தெரு கீழ." என் வாழ்க்கையில் நான் இயற்றியதும், ஊர் மனப்பாடம் செய்ததும் இந்த ஒரு வரிதான். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுபோக, நான் பதறி "நெஞ்சு! நெஞ்சு!" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் சோடாவோடு ஓடி வந்துவிட்டார்.

பேச்சியம்மாள் படிக்க வந்தது அந்த வண்டியின் கடைசிக் காலத்தில். நாற்பதைத் தாண்டியவர். பனவடலிசத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பூ எடுத்து, சின்ன லோடு வேனில் ஏற்றி, எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது அவருக்கும் அவர் வீட்டுக்காரர் சண்முகையாவுக்கும் தொழில். வேனை ஓட்டியது சண்முகையா. சர்க்கரை அவர் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"டிரைவர் வச்சுக்கிடலாமே?" என்று சேர வந்த அன்றைக்கே கேட்டேன்.

"வச்சா, பூ எங்களுக்கு, காசு டிரைவருக்கு மாஸ்டர்" என்றார் பேச்சியம்மாள். "நான் ஓட்டுனா வேன் இருக்கும். ஓட்டலைன்னா வித்துருவோம். திருவேங்கடத்துல இருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டும் போயிட்டாரு. ஒங்க டெஸ்ட் முடியட்டும், பொறவு வாரேன்னு சொல்லிருக்காரு. நான் பெயிலாகணும்னு அவரு சாமி கும்பிடுதாராம்."

வேனிலே பழகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லித்தர உட்காருகிறவருக்கு எதிரே வருகிற லாரி தெரிய வேண்டுமே.

அவர் நன்றாகத்தான் படித்தார். நெஞ்சும் தெருவும் கைக்குப் படிந்துவிட்டன. டெஸ்டுக்குத் தேதியும் வாங்கியாயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், ராஜபாளையம் ரோட்டில் அவர் கையில் வண்டி ஒரு சத்தம் போட்டது. அண்டாவுக்குள் யாரோ கல்லைப் போட்டு உருட்டியது போல. பிறகு புகை. பிறகு அமைதி.

"மாஸ்டர், நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. அதுக்கு வயசாயிட்டு."

"என் கையிலதான போச்சு" என்றார். கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பட்டறைக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் தாவீது எங்கள் ஸ்கூல் வண்டிக்குக் குடும்ப வைத்தியர். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அது போதும்.

முதலாளி வந்தார். வேறு கார் வாங்கலாம் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பாடி நல்லாத்தானவே இருக்கு? நெஞ்சுதான போச்சு?" என்றார். எந்த நெஞ்சு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மதுரையில் பழைய எஞ்சின் விற்கும் ஒரு கடையில், விபத்தில் நொறுங்கிய பிந்தைய மாடல் காரிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின், அஞ்சு கியர் பெட்டியோடு கிடைத்தது. லோடு ஆட்டோவில் சாக்கு போர்த்தி வந்து இறங்கியது.

தாவீது அதை எஞ்சின் மாற்றுவது என்று சொல்ல விடமாட்டார். "கலியாணம்வே இது. மாப்பிள்ளைக்கு வயசு கூட, பொண்ணுக்கு வலு கூட. பொருத்தம் பாத்துத்தான் செய்யணும்" என்பார். பார்த்தார். ஒரு பொருத்தம்கூட இல்லை. ஆனாலும் செய்தார். நம் ஊரில் நடக்காததா?

முதலில் பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ரேடியேட்டர் தண்ணீரையும் எஞ்சின் ஆயிலையும் இறக்கினார். ஒயர்களுக்கு ஒவ்வொரு கலர் துணிக்கிழிசலாகக் கட்டி அடையாளம் வைத்தார். இரும்புச் சட்டத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழைய எஞ்சினைக் கட்டித் தூக்கினோம். சங்கிலி கிறுகிறுவென்று இழுபட, அது ஆடிக்கொண்டே மேலே வந்தது. இத்தனை வருஷம் அதோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தூக்கிய இடத்தில் காருக்குள் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாகப் பட்டறைத் தரை தெரிந்தது. பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போவதுபோல் என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

புது எஞ்சின் உட்காரப் பழைய இருக்கை ஒத்துவரவில்லை. தாவீது அட்டையில் அளவு வெட்டி, அந்த அளவுக்கு இரும்புத் தகடு அறுத்து, வெல்டிங் வைத்து, அடியில் ரப்பர் கொடுத்தார். எஞ்சின் நீளம், அதனால் ரேடியேட்டர் முன்னே நகர வேண்டியிருந்தது. கியர் பெட்டியும் நீளம், அதனால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்த் தண்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினார். அதைச் சுழலவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை லேத்துக்காரரோடு சண்டை போட்டார். டீசல் எஞ்சின் கனம் என்பதால் வண்டியின் மூக்கு சப்பென்று தாழ்ந்தது. முன்பக்கத்து ஸ்பிரிங்கை முறுக்கி மூக்கை ஏற்றினார். பிறகு தரையில் ஒரு ஓட்டை அறுத்தார். அதன் வழியாகக் கறுப்புக் குமிழோடு ஒரு கம்பி எழுந்து நின்றது. தரை கியர். அது நிற்க, முன்பக்கத்து ஒற்றை நீளச் சீட்டை நடுவில் அறுத்து ரெண்டாக்கினார்.

எல்லாம் முடிந்து ஸ்டியரிங்குக்கு வந்தார். பழைய கை கியர்க் கம்பி இன்னும் அங்கேயே நீட்டிக்கொண்டிருந்தது. எதோடும் சேராமல், மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. அறுத்துவிடவா என்று ரம்பத்தை எடுத்தார்.

முதலாளி பார்த்தார். "அறுத்தா அந்த இடம் மொட்டையாத் தெரியும்லா. இருந்துட்டுப் போகட்டும்வே. சோறா கேக்குது?"

இப்படித்தான் எங்கள் வண்டி ரெண்டு கம்பி வண்டியானது. மேலே ஒன்று, செத்தது. கீழே ஒன்று, உயிருள்ளது. டிரைவிங் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பொறியை யாரும் வைக்க முடியாது.

எஞ்சின் நம்பரைப் பதிவு செய்ய மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம், அவர் இல்லாத இடத்தில் வெறும் பிரேக். நம்பர் வெட்டியிருந்த இடத்தில் செல்லோடேப்பை ஒட்டி, மேலே பென்சிலால் தேய்த்து, எழுத்து பதிந்ததும் உரித்து எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். மேல் கம்பியை ஆட்டினார். கீழ்க் கம்பியை ஆட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் ஓட்டம் என்னுடையது. ஓரமாக நின்று முதலாளி, தாவீது, பேச்சியம்மாள், கறுப்புக் கண்ணாடியோடு சண்முகையா, நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். டீசல் வண்டிக்கே உரிய ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்தேன். எஞ்சின் விழித்தது. பழையது முணுமுணுக்கும், இது தொண்டையைக் கனைத்தது. கம்பீரமாகக் கிளச்சை மிதித்து, மேல் கம்பியைப் பிடித்து, நெஞ்சு மேல போட்டு, கிளச்சை விட்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

"மாஸ்டர், அது கலியாணத்துக்கு முந்தி உள்ள சம்பந்தம்" என்றார் தாவீது.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கே இப்படி என்றால் அவருக்கு என்ன என்று யோசித்திருப்பார். டெஸ்ட் மிக அருகில் வந்துவிட்டது. வேறு தேதி வாங்கலாம் என்றால், அவருடைய பழகுநர் லைசன்ஸான எல்.எல்.ஆரும் முடிகிற கட்டத்தில் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை திருவேங்கடத்துக்காரர் காத்திருக்க மாட்டார்.

மறுநாள் அவரை உட்காரவைத்தேன். பழைய வண்டியில் படித்ததெல்லாம் இப்போது எதிரியாகிவிட்டது. முதல் கியர் என்றால் கை நேரே மேலே போய்ச் செத்த கம்பியை இழுக்கும். நான் "கீழ, கீழ" என்பேன். உடனே அவர் அதே கம்பியைக் கீழே தள்ளுவார். என் வாயும் எனக்கு உதவவில்லை. தரை கியரைக் காட்டிக்கொண்டே "நெஞ்சு மேல" என்றுதான் அது சொன்னது. அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இடம், நடு, வலம் என்று புதுப் பாடம் வைத்துப் பார்த்தேன். "யாருக்கு இடம் மாஸ்டர், ஒங்களுக்கா எனக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

கிளச்சை விட்டதும் இந்த எஞ்சினில் வண்டி தானாக நகரும். பழையதற்கு முதலில் ஆக்சிலேட்டர் கொடுக்காவிட்டால் இருமி நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் இவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, தப்பித்தவறிக் கியர் விழுந்த நேரங்களில் வண்டி ஆட்டுக்குட்டிபோல் துள்ளியது. பின்சீட்டில் இருந்த முதலாளி ஒருமுறை மோதிரத்தைத் தட்டினார். எத்தனை தட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. துள்ளலில் அவர் தலையும் சேர்ந்து கண்ணாடியில் தட்டியிருந்தது.

அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டியதும் பேச்சியம்மாள் இறங்கவில்லை. தரைக் கியர்க் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தலையில் கோடுகள் போட்டிருக்கும். மூன்று நிற்கும் கோடு, குறுக்கே ஒன்று.

"மாஸ்டர், இது நம்ம கோவில்லா?"

"எது?"

"வாசல்ல நின்னு பாருங்க. இந்த ஓரம் சங்கரலிங்கம். நடுவுல சங்கரநாராயணர். அந்த ஓரம் கோமதி அம்மன். மூணு சன்னதி. நான் டெய்லி பூ கொண்டுபோய்க் குடுக்க வரிசை."

நான் குனிந்து பார்த்தேன். தினமும் நானும் கும்பிடுகிற கோவில்தான். குமிழில் இருந்ததை நான் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் மேலே ஒன்று, கீழே ரெண்டு. சங்கரநாராயணர் மேலே மூன்று, கீழே நாலு. பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கிற சாமி. பழைய உடம்பில் புது எஞ்சின் வைத்த எங்கள் வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான தெய்வம் எந்த ஊரில் கிடைக்கும்? அம்மன் மேலே அஞ்சு.

"அப்போ ரிவர்ஸ்?" என்று மடக்கினேன்.

"அம்மனைக் கும்பிட்டுட்டு, பிரசாதமாப் புத்துமண் எடுக்கத் திரும்பிப் போவோம்லா மாஸ்டர். அதான்."

என் ஒற்றை வரி இலக்கியம் அந்த இடத்தில் செத்துப்போனது. நெஞ்சும் தெருவும் போய், சன்னதி வந்துவிட்டது. முதலாளி முதலில் மிரண்டார். "சாமியப் போட்டு மிதிக்கீராவே?" என்றார். கியரை யாரும் மிதிப்பதில்லை, கையால் தொடுவதுதான் என்று சமாதானம் சொன்னேன். "கடையநல்லூர்ப் பயலுவ வந்தா என்ன சொல்லுவீரு?" என்றார். அப்போது எங்களிடம் படித்துக்கொண்டிருந்த காதர் கடையநல்லூர்தான், வளைகுடாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தவன். அவனையே கேட்டேன். "எனக்கு அது அட்ரஸ்லா மாஸ்டர். எங்க வாப்பா சேலை வித்தது அந்தக் கோவில் தெருவுலதான்" என்றான்.

சொல் சரியாகிவிட்டது. கை சரியாகவில்லை. வாய் "சங்கரலிங்கம் மேல" என்று சொல்லும், கை செத்த கம்பிக்குப் போகும். கம்பியைக் கழற்றச் சொல்லி முதலாளியிடம் மறுபடி போய்ப் பயனில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் காலையில் பேச்சியம்மாள் மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தார். கையில் ஒரு பந்து பிச்சிப்பூ. ஒரு முழம் கிள்ளி, அந்தக் கம்பியில் சுற்றித் தொங்கவிட்டார்.

"இது என்ன, ஆயுத பூசையா?" என்றேன்.

"பாருங்களேன்."

கிளச்சை மிதித்தார். கை மேலே போயிற்று. பூவில் பட்டது. பட்டதும் நின்றது. சின்ன வயதிலிருந்து பூவோடு இருக்கிற விரல்கள். பூவைப் பிடித்து நசுக்க அவற்றுக்குத் தெரியாது. விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கீழே இறங்கி, தரைக் கியரைப் பிடித்தது. சங்கரலிங்கம் மேல. வண்டி நகர்ந்தது. அன்று முழுக்க ஊரைச் சுற்றினோம். கை மேலே போகும், பூவைத் தொடும், கீழே வரும். கோவிலில் மணியைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள்போல.

டெஸ்ட் அன்று மைதானத்தில் சண்முகையா வந்து நின்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ. எஞ்சின் நம்பரைத் தேய்த்து எடுத்துப்போன அதே இன்ஸ்பெக்டர்தான் வந்தார். நான் பின்சீட்டில். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பூவைப் பார்த்தார்.

"என்னம்மா இது, வண்டிக்குள்ள பூக்கடை? கழட்டுங்க. ஓட்டும்போது கை தட்டும்."

ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் பேசிப் பிழைத்த வாய். அது தொடங்குமுன் பேச்சியம்மாள் பூவை அவிழ்த்துவிட்டார். எங்கே வைப்பது என்று பார்த்தார். இடது மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டார்.

ஹீட்டர் விளக்கு அணைந்தது. எஞ்சின் கனைத்தது. உதடு அசைய, கை நேரே கீழே போய்ச் சங்கரலிங்கத்தைப் பிடித்தது. ரெண்டு, மூன்று, எல்லாம் தடங்கல் இல்லாமல் விழுந்தன.

"என்னம்மா முணுமுணுக்கீங்க?"

"கியர் போடுதேன் சார்."

ரோடு வளைகிற இடத்தில் ஒரு செம்மறிக் கூட்டம் குறுக்கே வந்தது. நிறுத்தினார், நல்ல நிறுத்தம். ஆடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கடந்தன. மேய்க்கிறவர் கம்பை ஊன்றி நின்று, வண்டிக்குள் யார் யார் என்று விசாரணை நடத்தினார். கடைசி ஆடு போனது. "எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த அவசரத்தில் கை மேலே போய்விட்டது. பூ இல்லாத வெறும் கம்பி. விரல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்து, நெஞ்சுக்கு இழுத்து, மேலே தள்ளின. கிளச்சை விட்டார். வண்டி அசையவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பாமல் அந்தக் கையை மட்டும் பார்த்தார். நான் திருவேங்கடத்துக்காரரை நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் சிரிப்பது தெரிந்தது.

மணிக்கட்டில் தொங்கிய பிச்சிச் சரம் ஆடி ஸ்டியரிங்கில் உரசியது. பேச்சியம்மாள் அதைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள், உள்ளே பூ இருப்பதுபோல, ஒவ்வொன்றாகத் திறந்தன. கிளச்சை மறுபடி மிதித்தார். கை கீழே இறங்கியது. இந்தத் தடவை உதட்டை அசைத்ததோடு நிற்கவில்லை, வாய்விட்டே சொன்னார்: "சங்கரலிங்கம் மேல." வண்டி துள்ளாமல் கிளம்பியது. அப்போதுதான் கவனித்தேன், பின்சீட்டில் என் இடது கையும் மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தது.

மைதானத்துக்குத் திரும்பியதும், "ரிவர்ஸ் எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புத்துமண்" என்றார் பேச்சியம்மாள், சத்தமாக.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"ரிவர்ஸ்ங்காவ சார்."

"எந்த பாஷையில?"

"சங்கரன்கோவில் பாஷை சார்."

வண்டி நேராகப் பின்னால் போய் நின்றது. அவர் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது செத்த கம்பியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "இதைக் கழட்டச் சொல்லுங்க உங்க முதலாளிகிட்ட. எனக்கே கை போகுது" என்றார்.

பேச்சியம்மாள் மைதானத்து ஓரத்துக்கு நடந்தார், ஓடவில்லை. சண்முகையா காலடிச் சத்தத்தை வைத்துத் திரும்பி, "என்னட்டி?" என்றார்.

"அந்தத் திருவேங்கடத்துக்காரர வரவேண்டாம்னு சொல்லிருங்க."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. நான் ஆடுகள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எஞ்சின் அதற்குப் பிறகும் வெகுகாலம் உழைத்தது. கம்பியைக் கழற்றச் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பியில் எப்போதும் ஒரு முழம் பூ தொங்கும். வாடினால் அடுத்த நாள் பேச்சியம்மாள் மாற்றிவிடுவார். நெஞ்சு, தெரு படித்த பழைய ஆட்கள் எங்காவது எதிர்ப்பட்டால், புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் சன்னதி சொல்வதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நானே ரெண்டு மொழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். போன வருஷம் காதர் வளைகுடாவிலிருந்து போன் பண்ணினான். அங்கே எல்லா வண்டியும் கியர் இல்லாத வண்டியாம். "மூணு சன்னதியும் ஒண்ணாயிட்டு மாஸ்டர். ஆனா ரிவர்ஸ் எடுக்கைல வாயில புத்துமண்ணுதான் வருது. பக்கத்துல இருக்க அரபி என்னன்னு கேக்கான், எப்படிச் சொல்ல?" என்றான்.

வண்டி காயலான் கடைக்குப் போகிற அன்று அந்தக் கம்பியை மட்டும் எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். தாவீது அறுத்துக் கொடுத்தார். வீட்டில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. கலியாணத்துக்குப் பிறகு அதற்கு எப்போதுதான் இருந்தது?

முதலாளி இப்போது இல்லை. ஸ்கூலை அவர் மகன் நடத்துகிறார். ஆபீசில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார். காலையில் போய் உட்காருவேன், புத்தகம் படிப்பேன், யாரும் கேட்காத ஆலோசனை சொல்வேன். அவர் அப்பாவின் குணம் அவருக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், நான் ரெண்டு வேளை டீ கேட்கிறேன்.

கியர் இல்லாத காருக்குப் பூசை போட்ட அன்று பூ கொண்டுவந்தது பேச்சியம்மாள்தான். அவரே வேனை ஓட்டிவந்து, வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். தலை நரைத்துவிட்டது. சண்முகையா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பின்னால் வண்டி வருகிறதா என்று காதால் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் மாலையைக் காரின் முன்னால் போட்டுவிட்டு, மிச்சம் ஒரு முழப் பிச்சியோடு உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே கம்பி இல்லை. கீழே குமிழில் கோடுகளும் இல்லை. பிறகு ஆபீசுக்குள் வந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில் அந்தப் பூவைச் சுற்றினார்.

"எதுக்கு இங்கன?" என்றேன்.

"வேலை செய்யாத கம்பிக்குத்தான மாஸ்டர் நாம பூ போடுதது."

வாசலில் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றப் போனேன். பூ தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.